பேப்பரில் வந்தபடி ஒரு கைவேலை வகுப்பு

பேரணாம்பட்டு மாதர் கலாபிவிருத்தி சபையில் மாதர் யாரும் கிடையாது. அங்கத்தினர் ஏழு பேர். ஏழு பேரும் ஆண்கள். அவர்களில் நாலு பேருக்கு நீரிழிவு. நிர்வாகச் சுமையை மாதரின் மெல்லிய தோள்களில் ஏற்றுவது தர்மமல்ல என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் நிறைவேறியிருந்தது. தீர்மானம் நிறைவேறிய அந்த நேரத்தில், அதே தெருக்கோடியில் இருந்த தோல் பதனிடும் ஷாப்பில் பத்துப் பன்னிரண்டு மாதர், தண்ணீர் சொட்டும் ஆட்டுத்தோல்களை அடுக்கடுக்காக அந்த மெல்லிய தோள்களில்தான் சுமந்துகொண்டிருந்தார்கள். அது சபையின் நடவடிக்கைக் குறிப்பில் இல்லை. ஆகவே அதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

சபையின் காரியதரிசி பஞ்சாட்சர முதலியார். சப்-ரிஜிஸ்டிரார் ஆபீசில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். காகிதத்தில் இல்லாதது உலகத்திலும் இல்லை என்பது அந்த முப்பது வருஷத்தில் அவர் கண்டுகொண்ட உண்மை. வேலூரிலிருந்து வாராவாரம் வெளிவந்த 'பாலாற்றுத் தூதன்' பத்திரிகைக்குப் பேரணாம்பட்டு நிருபரும் அவரே. காரியத்தைச் செய்கிறவரும் அவர், செய்த காரியத்தை ஊருக்குச் சொல்கிறவரும் அவர் என்பதால் இரண்டுக்கும் நடுவே சண்டை வர வழியில்லை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

சண்டை வேறு ரூபத்தில் வந்தது. 'தூதன்' சனிக்கிழமை வெளிவரும். அதற்கு எழுத வேண்டியதைச் செவ்வாய்க்கிழமை தபாலில் சேர்த்துவிட வேண்டும். சனிக்கிழமை நடந்ததைச் செவ்வாய்க்கிழமை எழுதினால், அது அடுத்த சனிக்கிழமைதான் அச்சில் வரும்; ஒரு வாரம் பழசான செய்தியை வேலூர் ஆசிரியர் கருவாட்டைத் தள்ளுவதுபோலத் தள்ளிவிடுவார். இரண்டு தடவை தள்ளியும் விட்டார். மூன்றாவது தடவையிலிருந்து முதலியார், வரப்போகிற சனிக்கிழமை நடக்கப்போவதை முந்தின செவ்வாய்க்கிழமையே எழுதி அனுப்பத் தொடங்கினார். சபையின் காரியங்கள் எப்படி நடக்கும் என்பது காரியதரிசிக்குத் தெரியாதா?

போன வருஷம் சபை நடத்திய சங்கீத வகுப்பில் இதனால் ஒரு சங்கடம் நேர்ந்தது. பிள்ளைகள் நாலு கீர்த்தனை பாடியதாகப் பத்திரிகையில் வந்த அன்று பாட்டு வாத்தியாருக்குக் காய்ச்சல். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. யாரோ ஒரு புண்ணியவான் சபையின் ஜில்லா தலைமைக்கு மொட்டைக் கடுதாசி போட்டுவிட்டான். விசாரணைக்கு வந்தவர் மூன்று நாள் முதலியார் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, செய்திக்கும் நிகழ்ச்சிக்கும் வித்தியாசம் இருக்கலாகாது என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். முதலியார் ஒரு ராத்திரி யோசித்தார். செய்தியைத் திருத்த அச்சாபீஸ் சம்மதிக்காது. நிகழ்ச்சியைத் திருத்த யார் சம்மதமும் வேண்டாம்.

அன்றிலிருந்து சபையின் வகுப்புகள் எல்லாம் பேப்பரில் வந்தபடியே நடந்தன.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம் ஆவணி மாதத்தில் சபை ஒரு துண்டு நோட்டீஸ் போட்டது. உழைக்கும் மாதருக்குத் 'தோலில் சித்திரவேலை' இலவசமாகக் கற்பிக்கப்படும். வகுப்பின் முடிவில் முதலாவதாகத் தேறுகிறவர், தை பிறந்ததும் சபை திறக்கப்போகும் பெண் பாடசாலையில் கைவேலை உபாத்தியாயினியாக நியமிக்கப்படுவார். இந்த நோட்டீஸ் நசீர் அகமது சாயபுவின் தோல் ஷாப்பில் வேலை செய்த அமிர்தவள்ளியின் கைக்கு வந்தது.

கைக்கு வந்தது என்று எழுதுவது சுலபம். அந்தக் கை எப்படியிருந்தது என்று சொல்ல வேண்டும். சுண்ணாம்பில் ஊறிய ஆட்டுத்தோலை எடுத்து மயிர் வழிப்பது அவள் வேலை. பதினோரு வருஷமாக விடிந்ததும் சுண்ணாம்பில் போன கை, பொழுது சாயும்போதுதான் வெளியே வரும். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, உள்ளங்கை பழைய பலகைபோல் ஆகிவிட்டது. வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த மழைக்காலம் முடிவதற்குள் கையைச் சுண்ணாம்பிலிருந்து எடுத்துவிடு, எடுக்காவிட்டால் விரல்கள் மடங்காமலே போய்விடும் என்று சொல்லியிருந்தார். எடுத்து எங்கே வைப்பது என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குப் பின்னால் இன்னும் நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரை படித்தவள். ஆகவே நோட்டீசைத் தானே வாசித்தாள். வாசித்துவிட்டு, பின்கட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்த சகீனாவிடமும் வாசித்துக் காட்டினாள்.

"போய்ச் சேருடி," என்றாள் சகீனா, இலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பென்சில் புடிக்கிற கைக்குச் சுண்ணாம்பு வேணாம். பேஜார் இன்னான்னா, ஏழு ஆம்பளைங்க சேந்து பொம்பளைக்கு நல்லது பண்றோம்னு கெளம்பியிருக்காங்க. ஒருத்தன்னா தப்பிச்சுக்கலாம்."

தோல் ஷாப்புகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஊரில் உழைக்கும் மாதர் எல்லாருக்கும் ஓய்வு இருந்த ஒரே நாள் அதுதான். வகுப்பு சனிக்கிழமை வைக்கப்பட்டது, ஏனென்றால் பத்திரிகை சனிக்கிழமை மத்தியான பஸ்ஸில்தான் வரும். பத்திரிகை வராமல் வகுப்பில் என்ன நடந்தது என்று எப்படித் தெரியும்? சனிக்கிழமை விடச் சொல்லி அவள் கேட்டதும் தோல் ஷாப் மேஸ்திரி அந்தோணி முதலில் முறைத்தான். பிறகு அவள் கையைப் பார்த்தான். சனிக்கிழமை மத்தியானம் போய்க்கொள்ள விட்டு, அந்த நேரத்தை வெள்ளிக்கிழமை வந்து ஈடுகட்டச் சொன்னான். அந்த வட்டாரத்தில் அதற்குப் பெயர் இரக்கம்.

தொடக்க விழா முதலியாரின் மைத்துனருக்குச் சொந்தமான புளி மண்டியில் நடந்தது. பத்தொன்பது பெண்கள் வந்திருந்தார்கள். இரண்டு மணிக்கு பஸ் வந்தது. முதலியார் 'தூதனை'ப் பிரித்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கணீரென்று வாசித்தார்: "இன்று மாலை நமது ஊரில் நடந்த மாதர் கைவேலை வகுப்பின் தொடக்க விழாவில் அறுபது மாதர் திரளாகக் கலந்துகொண்டனர்."

பத்தொன்பது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சபையோர் கலங்கவில்லை. பெண்களை முன்வாசல் வழியாக உள்ளே வரச்சொல்லி, பின்வாசல் வழியாக வெளியே அனுப்பி, மறுபடியும் முன்வாசல் வழியாக வரச்சொன்னார்கள். ஒரு அங்கத்தினர் ஒவ்வொரு தலைக்கும் ஒரு புளியங்கொட்டையைக் கூடையில் போட்டார். மூன்று சுற்றில் ஐம்பத்தேழு ஆயிற்று. மீதி மூன்றுக்கும் கடைசியாக வந்த மூன்று பேரையே இன்னொரு முறை நடக்கவிட்டார்கள். அமிர்தவள்ளி நாலாவது மாதாகவும் இருபத்து மூன்றாவது மாதாகவும் நாற்பத்திரண்டாவது மாதாகவும் உள்ளே வந்தாள். பெரிய மனிதர்கள் செய்கிற காரியம், இதில் நமக்கு விளங்காத ஏதோ ஒழுங்கு இருக்கும் என்று எண்ணிக்கொண்டாள்.

அடுத்த வரியில் மாதர் ஆனந்தக் கண்ணீர் உகுத்தனர் என்று இருந்தது. சபையோர் காத்திருந்தார்கள். கால் மணி போயிற்று. ஒருத்திக்குக் கொட்டாவி வந்தது. அது கணக்கில் சேரவில்லை. புழுக்கத்தில் வழிந்த வியர்வையை அமிர்தவள்ளி புறங்கையால் துடைத்தாள். கையின் வெடிப்பில் இருந்த சுண்ணாம்பு கண்ணில் பட்டது. கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டிற்று. முதலியார் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். இவ்வளவு கலையுணர்ச்சி உள்ள பெண் யார் என்று விசாரித்து, அவள் பெயரைத் தம் சட்டைப்பைப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார்.

அன்று வீட்டுக்குப் போகும்போது அமிர்தவள்ளிக்குக் கண் எரிந்தது. ஆனாலும் மனசுக்குள் ஏதோ ஒன்று லேசாக இருந்தது. தன் பெயரை ஒரு பெரிய மனிதர் கேட்டு எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

வகுப்பு எடுக்க வேலூரிலிருந்து டிராயிங் மாஸ்டர் முனிரத்தினம் நாயுடு வந்தார். சுத்தமான மனிதர். ஊர் எல்லையில் பஸ் நுழைந்ததும் மூக்கில் கைக்குட்டையை வைப்பவர், திரும்பிப் போகும்போது அதே எல்லையில்தான் எடுப்பார். தோலில் சித்திரவேலை செய்வது எப்படி என்று ஒரு புத்தகம் முழுவதையும் படித்திருந்தார். தோலைத் தொட்டதில்லை. ஆகவே தோலுக்குப் பதிலாகப் பழுப்புக் காகிதம் கொண்டுவந்தார்.

"தோல் என்பது இன்னதென்று முதலில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்," என்று தொடங்கினார். விடியற்காலையிலிருந்து முழங்கை மட்டும் தோலில் இருந்துவிட்டு வந்த பெண்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். தோல் மிருகங்களிடமிருந்து கிடைக்கிறது என்றார். அது மிருதுவாக இருக்கும் என்றார். நீங்கள் அதைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும் என்றார். எல்லாரும் கண்ணை மூடிக் கற்பனை செய்தார்கள். பதனிடும் முன்பா பின்பா என்று முனியம்மா என்கிற பெண் கேட்டதற்கு, அது மேல்வகுப்புப் பாடம் என்றார்.

இரண்டு வாரம் காகிதத்தில் தாமரை வரைந்த பிறகு அமிர்தவள்ளிக்கு ஒரு யோசனை வந்தது. மேஸ்திரியைக் கேட்டு, ஆவாரம்பட்டையில் பதமாகி வந்த ஆட்டுத்தோல் துண்டு ஒன்றை வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போனாள். மாஸ்டர் மூன்றடி பின்வாங்கினார்.

"இன்னா இது, நாத்தம்?"

"தோலுங்க மாஸ்டர்."

"அது தெரியுது. வகுப்புக்குள்ள எதுக்கு?"

சபை அவசரமாகக் கூடி, சுகாதாரத்தை முன்னிட்டுத் தோல் சித்திர வகுப்புக்குள் தோல் கொண்டுவரலாகாது என்று தீர்மானித்தது.

அவள் அந்தத் துண்டை வீட்டுக்கு எடுத்துப் போனாள். வேலையும் வெள்ளிக்கிழமை ஈடும் போக மிஞ்சின பொழுதிலெல்லாம் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடி வைக்கிற உறை ஒன்று தைத்தாள். ஊசியைத் தள்ள விரல் ஒத்துழைக்காத இடத்தில் பல்லால் கடித்து இழுத்தாள். உறையின் மேல் ஊருக்கு மேற்கே இருக்கிற மலையையும், மலைச்சரிவில் பட்டை ஏற்றி இறங்குகிற ஒற்றை வண்டியையும், சூடான ஆணியால் கோடு கோடாக இழைத்தாள். வண்டிக்காரன் முகம் தெரியாது. ஆனால் அவன் குனிந்து உட்கார்ந்திருக்கிற விதத்திலேயே சரிவு எவ்வளவு செங்குத்து என்று தெரியும். ஒன்பது நாள் ஆயிற்று.

முதலியார் அதை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். தம் கண்ணாடியைக் கழற்றி அதற்குள் வைத்துப் பார்த்தார், எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அவரும் மனுஷர்தான்.

"ரொம்ப நல்லா இருக்குதும்மா. இந்த ஊர்ல இப்படி ஒரு கை இருக்கும்னு நான் நெனைக்கல," என்றார். பிறகு வருத்தத்தோடு சொன்னார்: "ஆனா பேப்பர்ல தாமரைன்னு வந்துட்டுதே."

உறை 'தாமரை' என்ற சீட்டோடு காட்சிக்கு வைக்கப்பட்டது. சபைத் தலைவர் வந்து பார்த்து, இதழ்கள் தத்ரூபமாக இருப்பதாகச் சொன்னார். அமிர்தவள்ளி தானே ஒருமுறை கிட்டே போய்ப் பார்த்துக்கொண்டாள். வண்டிதான் இருந்தது.

புரட்டாசி கடைசியில் மழை பிடித்தது. ஈரத்தில் வெடிப்பு ஆறவில்லை. காலையில் எழுந்ததும் விரல்களை ஒவ்வொன்றாக மற்றக் கையால் மடக்கிவிட வேண்டியிருந்தது. அந்த மாதத்தில்தான் வேலூர் அச்சாபீசில் ஒரு கைத்தவறு நேர்ந்தது. கைவேலை வகுப்பின் செய்தியும், பக்கத்துத் தாலுகாவில் நடந்த மாட்டுச் சந்தையின் செய்தியும் ஒரே பலகையில் அடுக்கப்பட்டு, ஒன்றின் தலையோடு மற்றதன் உடல் ஒட்டிக்கொண்டது.

முதலியார் வழக்கம்போல வாசிக்கத் தொடங்கினார். போகப் போக அவர் குரல் மெதுவாயிற்று. "மாதர் கைவேலை வகுப்புக்கு வந்திருந்தவை யாவும் நல்ல நிலையில் இருந்தன. பல்லும் நடையும் பரிசோதிக்கப்பட்டன. சிறந்த ஜோடிக்குப் புதுக் கயிறு பரிசளிக்கப்பட்டது."

சபையோர் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இந்த ஒரு தடவை விட்டுவிடலாமே என்று ஒருவர் சொன்னது வெளியில் கேட்டது. ஒரு வரியை விட்டால் மறு வரியையும் விடச் சொல்வார்கள், பிறகு பத்திரிகை எதற்கு, சபை எதற்கு என்று முதலியார் கேட்டதும் கேட்டது. கதவு திறந்தது.

மாஸ்டர் பென்சிலின் பின்பக்கத்தால் ஒவ்வொருத்தியின் உதட்டையும் தூக்கிப் பல்லைப் பார்த்தார். பிறகு மண்டியின் முற்றத்தில் எல்லாரையும் இரண்டு சுற்று நடக்கவிட்டு, நொண்டுகிறதா என்று கவனித்தார்கள். அமிர்தவள்ளியும் முனியம்மாவும் சிறந்த ஜோடி. கற்றாழை நாரில் திரித்த புதுக் கயிறு, ஆளுக்குப் பாதி.

அதன்மேல் தலைவர் எழுந்து பேசினார். "ஆடு மாடுகளை நாம் எவ்வளவு அக்கறையோடு பரிசோதிக்கிறோம். என்றைக்காவது நம் பெண்களை அப்படிப் பரிசோதித்தது உண்டா? இந்தப் பெருங்குறையை இன்று நமது சபை நீக்கிவிட்டது. இனி நம் மாதர் கால்நடைகளுக்குச் சமமாக நிற்பார்கள் என்று நான் உறுதி கூறுகிறேன்." எல்லாரும் கைதட்டினார்கள். அவர் மனப்பூர்வமாகவே பேசினார். அதுதான் அவரிடம் இருந்த கோளாறு.

அடுத்த வாரம் பதின்மூன்று பேர் வரவில்லை. முனியம்மாவும் நின்றுவிட்டாள். பத்திரிகையில் அறுபது பேர் தொடர்ந்து வந்துகொண்டிருந்ததால், மிஞ்சிய ஆறு பேரும் வாசலுக்கும் கொல்லைக்குமாகப் பத்துச் சுற்று நடந்தார்கள். வகுப்பில் பாதிப் பொழுது அதிலேயே போயிற்று.

"பல்லப் புடிச்சுப் பாத்தாங்களாமே," என்றாள் சகீனா சுவருக்கு மேலே தலையை நீட்டி.

"பாத்தாங்க."

"அப்புறமும் இன்னாத்துக்குப் போற?"

அமிர்தவள்ளி கையைச் சுவர்மேல் வைத்தாள். மூடப் பார்த்தாள். நடுவிரலும் மோதிரவிரலும் பாதி வழியில் நின்றுவிட்டன. சகீனா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, தன் பீடி முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கார்த்திகையில் பரீட்சை வைத்தார்கள். நாயுடு மாஸ்டர் ஒன்றில் மட்டும் நேர்மையானவர். தாளுக்கு மதிப்பெண் போடும்போது ஆள் முகம் பார்க்க மாட்டார். அமிர்தவள்ளி முதலாவதாகத் தேறினாள். முதலியாரே வழியில் நிறுத்தி, நீதானம்மா முதல், வருகிற சனிக்கிழமை நற்சாட்சிப் பத்திரம் கொடுக்க வேலூரிலிருந்து ஒரு துரைசானி வருகிறாள், நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வா என்றார். அன்று இரவு அவள் புருஷன் இருதயராஜ் விளக்கெண்ணெயைச் சூடுகாட்டி அவள் விரல் ஒவ்வொன்றாகத் தேய்த்துவிட்டான். தை பிறக்க இன்னும் நாற்பது நாள் என்று இரண்டு பேரும் தனித்தனியாக எண்ணிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை அடைமழை. பஸ் தாமதமாக வந்தது. துரைசானி ஏற்கெனவே மேடையில் இருந்தாள். முதல் வரிசையில் வகுப்பில் யாரும் பார்த்திராத, பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தலைவரின் தம்பி மகள் விஜயகுமாரி, ஆற்காட்டிலிருந்து அன்று காலைதான் வந்தவள். முதலியார் நனைந்த பத்திரிகையைப் பிரித்து, பின்னறையில் அமிர்தவள்ளியை மட்டும் கூப்பிட்டு, அவள் பகுதியைத் தாழ்ந்த குரலில் வாசித்துக் காட்டினார்.

"முதலாவதாகத் தேறிய ஸ்ரீமதி அமிர்தவள்ளி, தமக்கு அளிக்கப்பட்ட உபாத்தியாயினி பதவியை ஏற்க மறுத்து, கலை கூலிக்காக அல்ல, எனக்குத் தோல் வேலையே போதும் என்று தழுதழுத்த குரலில் கூறினார். சபையில் நீண்ட கரகோஷம். அதன்மேல் அப்பதவி ஸ்ரீமதி விஜயகுமாரிக்கு அளிக்கப்பட்டது."

அவள் பத்திரிகையை எட்டிப் பார்த்தாள். "ஐயா, வேலை வேணாம்னு நான் சொல்லலிங்களே."

"இன்னும் சொல்லல. மூணு மணிக்குச் சொல்லப் போற."

"எனக்கு வேலை வேணுங்க, ஐயா. கையப் பாருங்க."

முதலியார் பார்த்தார். அவர் முகத்தில் நிஜமாகவே வேதனை தெரிந்தது.

"நான் உனக்கு நல்லதுதாம்மா பண்ணியிருக்கறேன். ஒரு பொம்பளைக்கு வேலை கெடச்சுதுன்னு எழுதினா அது ஒரு செய்தியா? வேலூர்ல ரெண்டு வரியா வெட்டிடுவான். கெடச்ச வேலையை வேணாம்னு சொன்னான்னு எழுதினேன், பாரு, அரைப் பத்தி வந்திருக்குது. உன் பேரு மூணு எடத்துல வருது. தலைவர் பேரே ஒரு எடத்துலதான் இருக்குது."

தலைவரின் தம்பி மகளுக்கும் இதில் அவ்வளவாக இஷ்டமில்லை. ஊசியில் நூல் கோக்கவே தனக்கு வராது என்று அவள் தன் பெரியப்பாவிடம் முணுமுணுத்தது பின்னறை வரை கேட்டது. பேப்பரில் வந்துவிட்டது, இனி வந்துவிடும் என்று அவர் தைரியம் சொன்னார்.

மேடையில் துரைசானியின் கையில், சபை முன்கூட்டியே தயாரித்த, செய்தியின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு இருந்தது. தமிழ் தெரியாத அவள் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துத் தொடர்ந்துகொண்டிருந்தாள். நற்சாட்சிப் பத்திரம் கொடுத்தாயிற்று. பதவி அளிக்கப்பட்டது. கூட்டம் அமிர்தவள்ளியின் முகத்தைப் பார்த்தது. பதினோரு வருஷத்தில் அவள் ஏற்றுக்கொள்ளாத உத்தரவு ஒன்றுகூட இல்லை. அவள் துரைசானியை நேராகப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "எனக்கு இந்த வேலை வேணும்," என்றாள். அவள் குரல் தழுதழுத்தது. அவள் பங்கில் பத்திரிகையில் வந்தபடி நடந்தது அது ஒன்றுதான்.

முதலியார் கைக்குட்டையை உயர்த்தினார். கரகோஷம் எழுந்தது. நீண்ட கரகோஷம் என்று போட்டிருந்ததால் நீண்ட நேரம் தட்டினார்கள். அவள் மறுபடியும் சொன்னாள், மூன்றாம் தடவையும் சொன்னாள். தகரக் கூரையில் மழையும் தட்டிற்று. துரைசானி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, இப்பேர்ப்பட்ட தியாகத்தைத் தன் தேசத்திலும் கண்டதில்லை என்று இங்கிலீஷில் சொல்லி, அவளைத் தோளில் தட்டிக் கொடுத்து, மேடையின் படி வரைக்கும் தானே கூட்டிக்கொண்டு வந்து விட்டாள்.

திங்கட்கிழமைக்குள் செய்தி தோல் ஷாப்புக்கும் பரவி, அங்கே அவளுக்கு நல்ல மரியாதை. டீக்கடையில் யாரோ வாசிக்க எல்லாரும் கேட்டிருந்தார்கள். அவள் கைக்காக, அவளைச் சுண்ணாம்பு இல்லாத பட்டைக் கொட்டகைக்கு மாற்றிவிடலாம் என்று மேஸ்திரி அந்தோணி ஒரு மாதமாக முதலாளியிடம் சொல்லி, அவரும் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தாராம். செய்தியைக் கேட்டபின் நசீர் அகமது சாயபுவின் மனசு உருகிவிட்டது. இவ்வளவு ஆசையாக வேலை செய்கிறவளை அந்தக் குழியை விட்டு எதற்குப் பிரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். "இன்னா அமிர்தம், எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அந்தோணி கேட்டான். அவனுக்கும் அவள் சொன்னாள், அப்படி நான் சொல்லவில்லை என்று. அச்சில் வந்ததை எப்படி இல்லை என்கிறாய் என்று அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. விடிந்ததும் அவள் முதலியார் வீட்டுக்குப் போனாள். இன்றைய தபாலில் ஒரு மறுப்பு எழுதிப் போட வேண்டும் என்று கேட்டாள். கோபிப்பார் என்று நினைத்தாள்; அவர் கோபிக்கவில்லை. மறுப்பு கேட்பது யாருக்கும் உரிமை என்றார். பலகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவள் சொல்லச் சொல்ல ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதினார். நான் வேலையை வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அந்த வேலை வேண்டும். அவ்வளவுதான். எழுதி முடித்து வாசித்தும் காட்டினார். முதல் தடவையாக நடந்ததும் எழுதியதும் ஒன்றாக இருந்தன.

பேனாவை முஷ்டிக்குள் திணித்துக்கொண்டு, கோணல் மாணலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்டாள். முதலியார் அதைப் பார்த்துத் தலையசைத்தார்.

"கையெழுத்து யார் வேணும்னாலும் போடலாம்மா. ரேகைதான் ஆளு. அது இருந்தா யாரும் இல்லன்னு சொல்ல முடியாது. பெருவிரல வையி."

மைப்பலகையில் அவள் பெருவிரலை அவரே பிடித்து உருட்டி, காகிதத்தில் வைத்து எடுத்தார். கறுப்பாக ஒரு வட்டம் விழுந்தது. கோடு இல்லை. மையைக் கொஞ்சம் குறைத்து மறுபடியும் வைத்தார். மற்றப் பெருவிரலை வைத்தார். ஒவ்வொரு விரலாகப் பத்தையும் வைத்தார். காகிதத்தில் பத்துக் கறுப்பு வட்டங்கள் வரிசையாக விழுந்தன, நாவல்பழம் நசுங்கினாற்போல. அவர் ஜன்னல் பக்கம் போய்ப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். முப்பது வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் பேருடைய விரல்களைப் பார்த்தவர்.

"இதுல ஆளே இல்லியே, அம்மா," என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அவளும் பார்த்தாள். மறுப்பை அவர் நாலாக மடித்துத் தம்மிடமே வைத்துக்கொண்டார். தபாலுக்கு நேரமாகிவிட்டது, வரப்போகிற சனிக்கிழமையைப் பற்றி இன்னும் எழுத வேண்டியிருந்தது.

அவள் நேராக வேலைக்குப் போனாள். பத்து விரலிலும் மை இருந்தது. சுண்ணாம்புக் குழிக்குள் கையை விட்டு முதல் தோலைப் பிடித்துத் தூக்கியபோது, கையில் மை இல்லை.